புகையோடு வந்த வார்த்தை

போன வருஷம் ஆடி மாதக் கடைசியில் நடந்தது இது. காஞ்சிபுரம் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், கணினித் துறை ஆய்வகத்தில் நான் உதவியாளராக இருக்கிறேன்.

எங்கள் துறையின் மாடியில், வராந்தாக் கோடியில் ஒரு சின்ன அறை உண்டு. பழைய கணினிகளை அங்கே சேர்த்து வைத்திருக்கிறோம். அந்த அறையின் சாவி என்னிடம்தான். தூசி தட்டுவது, மாணவர்கள் பார்க்க வந்தால் திறந்து காட்டுவது எல்லாம் என் வேலை. உண்மையைச் சொன்னால் அந்தச் சாமான்கள் மேல் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. மற்ற வேலைகளுக்கு நடுவே இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

அங்கே இருந்தவற்றில் ஓடக்கூடிய நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டியாக இருக்கும் அந்தக் கால மாடல். பழுப்பேறிய பெட்டி, மேல் வரிசையில் சிவப்பு விசைகள். ஒரு பழைய டிவி மாதிரியான திரையோடு அதை இணைத்து இரும்பு மேஜை மேல் வைத்திருந்தோம். சுவிட்சைப் போட்டால் ஒருமுறை கூவிவிட்டு எழுந்துகொள்ளும். மாணவர்கள் அதைப் பக்கத்தில் நின்று படம் எடுத்து வாட்ஸாப்பில் போடுவார்கள்.

அப்படிப் போட்ட ஒரு படம் சுற்றிச் சுற்றிச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்த வீட்டு அம்மா ஒரு நாள் காலை என்னைத் தேடிக்கொண்டு துறைக்கே வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்தார்.

அவருடைய கணவர் ஒரு பட்டு சொசைட்டியில் டிசைன் பிரிவில் வேலை பார்த்தவராம். புடவைக் கரையின் மாதிரிகளைக் கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்று அந்தக் காலத்தில் சொசைட்டியில் இதே மாடல் ஒன்றை வாங்கினார்கள். அவர்தான் ஆசையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அப்புறம் புது மெஷின்கள் வந்தன, அவரும் ஓய்வு பெற்றார். முந்தின வருஷம் அவருக்குப் பக்கவாதம். வலது கை பலம் குறைந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

"நாம சொல்றதெல்லாம் புரியுது மேடம். ஆனா அவருக்கு வார்த்த வர்ல. 'அது, அது'ன்றதத் தவிர வேற எதுவும் வாயில வர்றதில்ல" என்றார் அந்த அம்மா. "எங்க பொண்ணு போன்ல இந்தப் படம் வந்துச்சு. பாத்துட்டுப் போனத் திருப்பிக் குடுக்கவே இல்ல. வெரலால அதையே தொட்டுக்கினு இருக்காரு. ஒரு தபா நேர்ல காட்டணும், அவ்ளோதான்."

வெளியாட்களுக்காக அதைப் போட்டுக் காட்டும் வழக்கம் இல்லை என்றுதான் நான் முதலில் சொன்னேன். அந்த அம்மா நகரவில்லை. சரி என்று துறைத் தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சனிக்கிழமை வரச் சொல்லுங்க. நீங்க கூடவே இருங்க" என்றார்.

சனிக்கிழமை ஆட்டோவில் வந்தார்கள். அந்த அம்மாவின் கணவர் உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. படியேற வெகு நேரம் ஆனது. வழி முழுக்க அந்த அம்மாதான் பேசிக்கொண்டு வந்தார். அவர் நின்றால், "மூச்சு வாங்குதா?" என்பார். வாயைத் திறந்தால், "தண்ணியா? இந்தாங்க" என்று பாட்டிலை நீட்டுவார். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். அறைக்குள் வந்ததும் என்னைப் பார்த்து, "அது... அது..." என்றார். "கம்ப்யூட்டரா சார்? இதோ இருக்குது" என்றேன் நான். அவர் கேட்க வந்தது அது இல்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் நான் அதற்குள் சுவிட்சைப் போடப் போய்விட்டேன்.

கணினி கூவியது. திரையில் இரண்டு வரி எழுத்தும், கீழே மினுக்கும் சின்னக் கோடும் வந்தன. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கை ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். ஒரு எழுத்து, நிறுத்தம், இன்னொரு எழுத்து. ஒரு வரி முடிக்கவே வெகு நேரம் பிடித்தது. முடித்துவிட்டு நுழைவு விசையை அழுத்தினார். திரையில் 'மிஸ்டேக்' என்று வந்தது. அந்த மாடலில் எழுத்துப் பிழை விட்டால் அப்படித்தான் வரும்.

"இன்னாவாம்?" என்றார் அந்த அம்மா.

"தப்புன்னு சொல்லுது."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்க, சத்தமாகச் சிரித்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது என்று அப்புறம் சொன்னார்.

மறுபடி தட்டினார். மறுபடி 'மிஸ்டேக்'. எந்த எழுத்தில் தவறு என்று எனக்குத் தெரிந்தது, சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் அவர் இடது கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடு மினுக்கியபடி இருந்தது. கடைசியில் அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். இப்படியே வரி வரியாகப் போனது. அந்த அம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அந்த அம்மா பேசாமல் இருந்தது அப்போதுதான்.

எல்லாம் தட்டி முடித்து ஓடவிட்டபோது, திரையில் நட்சத்திரக் குறிகள் வரிசையாக வந்தன. முதலில் ஒன்று, அடுத்த வரியில் மூன்று, அதற்கடுத்து ஐந்து. கொஞ்ச நேரத்தில் முக்கோணம் முக்கோணமாகத் திரை நிரம்ப ஆரம்பித்தது.

"கோபுரக் கரை மேடம்! பொடவைல வர்ற கோபுரக் கரை!" என்று அந்த அம்மா எழுந்தே விட்டார்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான் இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று ஒரு கையை இரும்பு மேஜையில் ஊன்றி, குனிந்து திரையின் வெளிச்சத்தைக் கூட்டினேன்.

அப்போதுதான் பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம். கணினியின் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. சாதாரணப் புகை இல்லை, தொண்டையைப் பிடிக்கிற மாதிரி கெட்ட நாற்றத்தோடு வெள்ளையாகப் பொங்கிக்கொண்டு வந்தது. தினம் மாணவர்களுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக்கொடுப்பவள் நான். மேஜையில் ஊன்றிய கையைக்கூட எடுக்காமல் அப்படியே நின்றேன்.

அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். கணினியின் மேல் கவிழ்க்கக் கையை ஓங்கினார்.

"ஏய்! தண்ணி ஊத்தாத! சுச்ச ஆஃப் பண்ணு!"

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். சத்தம் போட்டது அந்த அம்மாவின் கணவர். கணீரென்று, ஒரு எழுத்துகூடக் குழறாமல் வந்தது. அந்தக் குரல்தான் என்னை நகர்த்தியது. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ஜன்னல்களைத் திறந்தேன். திரை இருண்டது. புகை மெல்ல வெளியேறியது.

திரும்பிப் பார்த்தால், அந்த அம்மா ஓங்கிய பாட்டிலோடு நின்ற இடத்திலேயே நிற்கிறார். தண்ணீர் அவர் புடவையிலேயே சிந்திக்கொண்டிருக்கிறது. புகையை அவர் மறந்தே போயிருந்தார்.

"என்ன ஏய்னு கூப்ட்டாரு மேடம்" என்றார். "ஒரு வருசமா என்ன அப்டி யாரும் கூப்டல."

அவர் தன் குரலுக்குத் தானே பயந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா அவர் முன்னால் குனிந்து, "இன்னொரு தபா சொல்லுங்க. ஏய்னு சொல்லுங்க, போதும்" என்றார். அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைக்க முயற்சி செய்தார். "அது..." என்றார். "அது... அது..." அவ்வளவுதான் வந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "வர்ட்டும், மெதுவா வர்ட்டும்" என்றார். சினிமாவாக இருந்தால் அங்கிருந்து அவர் பேச ஆரம்பித்திருப்பார். நடந்தது அப்படி இல்லை. எப்படி வந்தாரோ அப்படியே படியிறங்கி ஆட்டோவில் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். மின்சாரம் வாங்கிக் கொடுக்கும் பகுதியில் ஒரு சின்ன உறுப்பு, வயசாகி வெடித்திருந்தது. துறைத் தலைவர் கணினியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இரும்பு மேஜை. நீங்க அதுல கை வெச்சுக்கிட்டு நின்னிருக்கீங்க. அந்தம்மா தண்ணிய ஊத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். நல்லவேளை, அறைக்குள் வந்ததும் அந்த மனிதர் கேட்க வந்ததை நாங்கள் அவர் வாயிலேயே அடைத்த மாதிரி, அவர் போட்ட சத்தத்தை அடைக்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

சில நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். நடந்ததை டாக்டரிடம் சொன்னாராம். ஆபத்து நேரத்தில் இப்படித் தானாக ஒரு வார்த்தை வெளியே வருவது உண்டு, அதை வைத்துப் பேச்சு திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஆனால் பயிற்சியை விட்டுவிடவும் வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பலன் இல்லை என்று இவர்கள் முன்பே நிறுத்தியிருந்த பேச்சுப் பயிற்சி அது. மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கண்டிசனா சொல்லிட்டாங்க மேடம். அவருக்கு வார்த்தய எடுத்துக் குடுக்கக் கூடாதாம். எவ்ளோ நேரம் ஆனாலும் நான் வாயத் தொறக்கக் கூடாதாம்" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அதுதான்மா எனக்குக் கஸ்டமா இருக்குது" என்றார்.

கணினி இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இனிமேல் அதை இயக்குவது இல்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

தை பிறந்த பிறகு ஒரு சாயங்காலம், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். அவர்தான் முதலில் என்னைக் கண்டுகொண்டு கையை உயர்த்தினார். பக்கத்தில் போனேன். அவர் என்னவோ கேட்க ஆரம்பித்தார். "மெ..." என்றார். நின்றார். என் பஸ் புறப்பட ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். 'மேடம்' என்று வரப்போகிறதோ, 'மெஷின்' என்று வரப்போகிறதோ, எனக்குத் தெரியவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறியிருக்கலாம். நின்றேன்.

"மெசின்..." என்றார். பஸ் நகர்ந்து போய்விட்டது. "மெசின்... நல்லா... ஆச்சா?"

"இல்ல சார், ஆகல" என்றேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு, கொஞ்சம் பொறுத்து, "நான்... ஆயிட்டு... வரேன்" என்றார். அந்த அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார்.

எதிரே ஒருவர் வார்த்தை கிடைக்காமல் தடுமாறும்போது அதை எடுத்துக் கொடுக்காமல் நிற்பது எனக்கு இன்னமும் சுலபமாக வருவதில்லை. இருந்தாலும் இப்போதெல்லாம் நிற்கிறேன்.