ஏழு அறை டப்பா

லில்லியின் இதயம் தாளம் தப்பியதை அவள் விரல்கள்தான் முதலில் காட்டிக்கொடுத்தன. பட்டுப்புடவை முந்தானைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறவள் அவள். முப்பது வருடக் கை. செவிலிமேட்டு வீட்டில் ஒரு காலை அந்தக் கையிலிருந்து நூல் நழுவியது. எடுத்துக் கட்டினாள். மறுபடி நழுவியது.

"நெஞ்சுக்குள்ள மீன் துள்ற மாதிரி இருக்குதுடீ" என்றாள் மகளிடம்.

ஈசிஜி பார்த்த டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். இதயத்தின் மேலறை சுருங்கி விரியாமல் படபடக்கிறது. அங்கே தேங்குகிற ரத்தம் கட்டியாகலாம். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். தினம் இரண்டு மாத்திரை: ஒன்று துடிப்பை அடக்க, ஒன்று ரத்தம் கட்டாமலிருக்க. சீட்டில் இரண்டுக்கும் நேராக 'காலை, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதினார். உப்பைக் குறைக்கணும், நடக்கணும், எடை இறங்கணும். என்னைக் கேட்காமல் வேறெந்தச் சத்து மாத்திரையும் வாயில் போடக்கூடாது.

ஷாரோன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. அப்பா கிறிஸ்டோபர் காலமானபின் வீட்டில் அம்மாவும் அவளும்தான். அன்றைக்கே ஏழு அறை கொண்ட மாத்திரை டப்பா ஒன்று வாங்கினாள், அறைக்கு ஒரு கிழமை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினாள். நாடித்துடிப்பு, எடை, நடை, மாத்திரை.

"கம்பெனியில மெஷினுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுவியே, எனக்கும் ஒண்ணு ஒட்டிடு" என்றாள் லில்லி. "அடுத்த சர்வீஸ் தேதி போட்டு."

"சிரிச்சிக்கினே இரு. ஒரு நாள் வாய் கோணிக்கினு போவும், அப்ப தெரியும்."

சொன்னபின் ஷாரோனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. லில்லி அடுத்த நாள் விடியலில் செருப்பை மாட்டிக்கொண்டு பாலாற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வந்தாள்.

ஆறு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. மூன்று காபி ஒன்றானது. கருவாடு வீட்டுப் படியேறவில்லை. ஷாரோன் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு எட்டுக்குத்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் டப்பாவைத் திறப்பாள். ஏழு அறையும் காலி. அட்டவணையில் ஏழு கட்டத்துக்கும் டிக் போட்டுவிட்டு, அடுத்த வாரத்துக்கு நிரப்புவாள்.

ஒரு ஞாயிறு, லில்லியின் முன்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். ரத்தம் கட்டாத மாத்திரை அளவுக்கு மிஞ்சினால் இப்படி ஆகும் என்று ஷாரோன் படித்திருந்தாள். எது மிஞ்சியது? சமையலறையைக் குடைந்தாள். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால் மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், மருதம்பட்டைத் தூள்.

"யார் குடுத்தது?"

"நம்ம ஜெபக் கூட்டத்து சுகாசினிதான். இதயத்துக்கு நல்லதாம்."

"சுகாசினி அக்கா எந்த காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சாங்க?"

"நீ மட்டும் படிச்சியா? நீ படிச்சது ஸ்க்ரூவுக்கு."

இரண்டையும் ஷாரோன் குப்பையில் கொட்டினாள். அப்பாடா, கண்டுபிடித்தாயிற்று. இரண்டு வாரம் கழித்து மறுபடி கன்றல், அதுவும் ஞாயிறு. 'மீன் எண்ணெய், உடம்பில் மிச்சம்?' என்று அட்டவணையின் ஓரத்தில் எழுதிவைத்தாள்.

இன்னொன்றும் உறுத்தியது. மற்ற நாள் எழுபத்தாறு, எண்பது என்றிருக்கும் நாடித்துடிப்பு வெள்ளி இரவில் மட்டும் நூற்றுப் பத்தைத் தாண்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். தகரக் கூரைக்கடியில் நாற்பது பெண்கள், டிரம், கைத்தட்டு. மாலை நாலு மணிக்குக் கஞ்சி ஊற்றும்வரை பச்சைத் தண்ணீர்தான்.

"அந்தக் கூட்டத்துக்குப் போவாதம்மா. உனக்கு அந்தச் சத்தம் ஆவல."

"நீ டிப்ளமோ பெயிலான வருசம் எடுத்த உபவாசம். பதினாலு வருசம் ஆவுது. உன் வேலை, உன் உடம்பு, எல்லாம் அதுலதான் நிக்குது. வாயை மூடு."

ஷாரோன் அட்டவணையில் வெள்ளிக்கு எதிரே 'டிரம் சத்தம்' என்று எழுதினாள்.

ஆடி மாத வெள்ளி ஒன்று. பகல் பன்னிரண்டே காலுக்கு சுகாசினியின் போன். பாட்டு நடுவில் அம்மா கையிலிருந்த பைபிள் விழுந்துவிட்டது. குனிந்து எடுக்கக் கை வரவில்லை. பேச்சு குழறுகிறது. ஆட்டோவில் ஏற்றியாயிற்று.

மருத்துவமனைக்குப் போகும் வாடகைக் காரில் ஷாரோன் உட்கார்ந்திருந்தபோது மறுபடி போன் வந்தது. சுகாசினியின் போன்தான், ஆனால் பேசியது மருத்துவமனை டாக்டர், ஸ்பீக்கரில்.

"ரத்தம் கட்டாத மாத்திரை எடுக்கிறாங்கன்னு சொன்னாங்க. கடைசியா எப்ப போட்டாங்க? அது தெரிஞ்சாதான் கட்டியைக் கரைக்கிற மருந்து குடுக்கலாமான்னு முடிவு பண்ண முடியும்."

"இன்னிக்குக் காலையில சார். எட்டு மணி. ஒரு நாள் விட்டதில்ல. என்கிட்ட ரெக்கார்ட் இருக்குது, போட்டோ அனுப்புறேன்."

"உறுதியா?"

"நூறு பர்சன்ட் சார்."

மறுமுனையில் சுகாசினியின் குரல் குறுக்கிட்டது.

"ஷாரோனு... இல்லப்பா. இன்னிக்குப் போட்டிருக்க மாட்டாங்க."

"அக்கா, உங்களுக்குத் தெரியாது. சும்மா இருங்க."

"வெள்ளிக்கிழமை போடமாட்டாங்கப்பா. சாப்பாட்டுக்குப் பின்னன்னு எழுதியிருக்குது இல்ல, சாப்பிடாம எப்படிப் போடறதும்பாங்க. விட்டதைச் சனிக்கிழமை சேத்து ரெண்டாப் போட்டுக்குவாங்க. கணக்கு சரியாய்டும்னு."

கார் வாலாஜாபாத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஷாரோனுக்கு நூற்றுப் பத்தும் நீலக் கன்றலும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வெள்ளி விட்டது. சனி இரட்டிப்பு. ஞாயிறு டப்பா காலி. எத்தனை மாத்திரை உள்ளே போனது என்பதைத்தான் டப்பா காட்டும். எப்போது போனது என்று அதற்குத் தெரியாது. அளவு ஒத்துப்போனால் மட்டும் போதாது, கருவி எதை அளக்கிறது என்று பார் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வாரம் தவறாமல் சொல்லித் தருகிறவள் அவள்.

"அப்ப கடைசி டோஸ் நேத்து காலையில சார்" என்றாள். "என் ரெக்கார்ட் தப்பு."

டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். லில்லி ஒன்பது நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் கண் விழித்து, சரியாக வராத வாயால் ஏதோ கேட்டாள். ஷாரோன் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"சாப்டியா?"

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் போனபின் டப்பாவைத் திறந்தாள். வெள்ளி அறையில் இரண்டு மாத்திரை. சனியில் இரண்டு, ஞாயிறிலும் இரண்டு. கஞ்சி குடித்த கையோடு வெள்ளி மாத்திரையைப் போட்டிருக்கலாமா என்று அடுத்த நாள் சீட்டு எழுதிய டாக்டரிடம் போய்க் கேட்டாள். உபவாசம் என்று சொல்லியிருந்தால் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பேன், எந்த மாத்திரையையும் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது என்றார். யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த வெள்ளி லீவு போட்டாள். ஜெபக் கூட்டத்தில் அம்மா உட்காரும் தூணோரம் காலியாக இருந்தது. அவள் அங்கே உட்காரவில்லை. பாஸ்டர் வீட்டம்மாவிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். பேசிப் பழக்கமில்லை. கையிலிருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பிரஷர், சுகர், இதயம், எதுக்காவது தினம் மாத்திரை போடறவங்க, இன்னிக்கு உபவாசம்னு போடாதவங்க, கை தூக்குங்க."

முதலில் சுகாசினி கை உயர்ந்தது. அவள் பக்கத்தில் இன்னொன்று. பின்வரிசையில் இரண்டு. பதினொன்று எண்ணினாள்.

ஷாரோன் நோட்டைத் திறந்து சுகாசினியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க டாக்டர்கிட்ட நானே கூட வரேன்க்கா. மொதல்ல சொல்லுங்க. என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போடுவீங்க?"