அவர் ஏறாத லிப்ட்

லிப்ட் பழுதுபார்க்கும் அவருக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'ரெண்டுதரம்'. எந்தத் திருகை முடுக்கினாலும் இன்னொரு முறை முடுக்கிப் பார்ப்பார். அந்த வேலைக்கு அது நல்ல குணம்தான். நாலு பேர் உயிர் கம்பியில் தொங்கும் தொழிலில் அசட்டையாக இருக்க முடியுமா? ஆனால் ரெண்டு தரம் எப்போது நாலாகி, எப்போது கணக்கில்லாமல் போனது என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கும். பிரேக்கைப் பார்த்தோமா? பார்த்தோம். சரியாகப் பார்த்தோமா? சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஓடுவார்.

போன வாரம் அது வினையாக முடிந்தது. ஒரு குடியிருப்பில், எந்தக் குறையும் இல்லாத லிப்டில் 'பழுது' பலகையை மாட்டிவிட்டு வந்துவிட்டார். சரியாக இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். மேல்மாடியில் குடியிருந்த மூச்சிளைப்புக்காரர் ஒருவர் படியேறும்போது பாதியில் சரிந்து விழுந்தார். நல்லவேளை, ஆள் பிழைத்துக்கொண்டார்.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். "அண்ணே, உங்க வேலைய நான் குறை சொல்லல. ஆனா ஒரு டாக்டரைப் பாருங்க. இன்னொரு புகார் வந்தா என்னால காப்பாத்த முடியாது."

வேறு தொழில் தெரியாத மனிதர். மறுநாளே டாக்டரிடம் போகச் சம்மதித்தார்.

குடும்ப மருத்துவரின் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. மனைவி முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தாள். இவர் வியர்வையில் சட்டை நனைய வந்து பக்கத்தில் அமர்ந்தார். டாக்டரம்மா எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளை இவரிடமும் கேட்டார்.

"சமீபமா படபடப்பா இருக்கா? கவலைய நிறுத்தணும்னு நினைச்சும் நிறுத்த முடியாம போகுதா?"

"கவலையா? எனக்கென்னம்மா குறை? கடன் இல்ல. பொண்ணு நல்லா இருக்கா."

நம் ஆட்களிடம் இதுதான் தொல்லை. கவலைப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று நினைப்பு! எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று சொல்லிப் பூசி மெழுகினார்.

"இப்படி மூச்சு வாங்குதே. லிப்ட் ஓடலையா?"

"நல்லா ஓடுது. நான் அதுலதான் வந்தேன்," என்றாள் மனைவி. "இந்த லிப்டைப் பார்த்துக்கிறதே இவருதான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சரிபார்த்த லிப்ட்ல நீங்களே ஏறலையா?"

அவர் அழுதுவிட்டார். "ஏறி மாசக்கணக்கா ஆச்சும்மா. கதவு மூடினாலே அறுந்து விழுந்துடும்னு தோணுது. விழாதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிஞ்சும் தோணுதே!"

'தைரியமா இருங்க' என்று சொல்லாத அந்த அம்மாவுக்குப் புண்ணியம் உண்டு. கேள்விகளை மறுபடி முதலிலிருந்து கேட்டார். இந்த முறை பதில்கள் வேறாக வந்தன; செய்த வேலையையே திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும் வெளியே வந்தது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்றும் கேட்டார். அது இல்லை என்றார் அவர், நிஜமாகவே.

"இது பதற்ற நோய். குணப்படுத்தலாம், ஆனா சட்டுனு போகாது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். தைராய்டாலயும் படபடப்பு வரலாம், அதுக்கு ரத்தம் பார்த்துடலாம். ஆலோசகர் ஒருத்தர்கிட்ட அனுப்புறேன். வேலையில ஒரே ஒரு தரம் பாருங்க. மறுபடி பார்க்கச் சொல்லிக் கை பரபரக்கும். பரபரக்கட்டும், விட்டுடுங்க. தானா தணியும்."

"வேலை போயிடுமா?"

"சிகிச்சையில இருக்கீங்கன்னு எழுதித் தரேன். அதுக்கு மேல நான் உறுதி சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் மனைவி லிப்டுக்குள் போய் நின்றாள். "நீங்க படியில வாங்க. நான் கீழே நிக்கிறேன்." குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள்.

கதவுகள் நெருங்கத் தொடங்கின. இடுக்கில் அவள் முகம் ஒடுங்கிக்கொண்டே போனது. விழும், இது விழப்போகிறது என்று அவர் மனம் அடித்துச் சொன்னது. விழுந்தால் அவள் தனியாக அல்லவா விழுவாள்?

நடுவில் கையை விட்டுக் கதவைத் தடுத்து உள்ளே போனார்.

"பயம் போயிடுச்சா?"

"எங்க போச்சு? உயிரே போகுது," என்று அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். லிப்ட் இறங்க ஆரம்பித்தது.