பெரியப்பா அமுக்கிப் பார்த்த பெடல்

எங்கள் பெரியப்பா ஒரு வாரத்துக்கும் மேலாக என் அப்பாவின் கால்களோடுதான் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவின் மிச்சமெல்லாம் லாரிக்கு அடியில் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரிய மனிதர்கள் பேசிக்கொள்ளும் முறை இதுதான் போலிருக்கிறது என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருவண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் போகும் சாலையில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டிய புளியமரத்தடியில் அப்பாவின் லாரி நிற்கும். மூக்கு நீண்ட பழைய வண்டி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை அறுவடை நாளில் அதற்கு ஓய்வே கிடையாது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதைக் கழுவிவிட்டு மரத்தடியில் பின்னோக்கி நிறுத்தும்போது கிளட்ச் பெடல் ‘தொப்’பென்று விழுந்துவிட்டது. பெடலைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பு பிராக்கெட், போல்ட் ஓட்டையை ஒட்டி விரிசல் விட்டு வாய் பிளந்திருந்தது. மறுநாள் டயருக்கு அடியில் அம்மா வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்காமலே காய்ந்தன.

வண்டி போக வேண்டியிருந்தது லோடுக்கு அல்ல, அத்தையைக் கொண்டுபோய் விடுவதற்கு. அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் புரட்டாசி முடிந்தும் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த வீட்டார் ஆள் மேல் ஆள் விட்டார்கள். பாக்கி வைத்த சீர், ஒரு பீரோவும் கட்டிலும், அதோடு பெண்ணை அனுப்பி வையுங்கள் என்றார்கள். விஜயதசமியன்று அனுப்பிவிடுகிறோம் என்று பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

அத்தையின் இடது கையில், முழங்கைக்குக் கீழே, நீளமாக ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்தது என்று அவள் சொன்னாள், நானும் நம்பினேன். எண்ணெய் தெறித்தால் புள்ளி புள்ளியாகத்தான் விழும் என்பது நானே அடுப்படிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பெரியப்பா வந்தால் அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். அவர் அதை மரியாதை என்று நினைத்திருப்பார்.

எனக்கு அத்தை மேல் உயிர்தான். ஆனாலும் அவள் எப்போது கிளம்புவாள் என்று நான் துடித்துக்கொண்டிருந்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போவதாக அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பெரியப்பாவுக்கு அவர் வாக்கு, எனக்கு என் வாக்கு.

அப்பா அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதே இல்லை. “முடியாது” என்ற சொல் அவரைப் பார்த்து அப்பாவுக்கு வாயில் வராது. அதனால் பிராக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்தார். முதல் நாள், ஸ்பானரெல்லாம் பூஜையில் இருக்கிறது, தொடக் கூடாது என்றார். அது நியாயம். விஜயதசமியன்று மறுபூஜை முடித்து ஸ்பானரை எடுக்கவே மத்தியானமாகிவிட்டது. மறுநாள் பிராக்கெட்டைக் கழற்றி, துருவும் பழைய பெயின்ட்டும் போக ஒரு பகல் முழுக்கச் சுரண்டினார். விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டார். ஓட்டை போட்டால்தான் விரிசல் அதற்கு மேல் ஓடாமல் அங்கேயே நிற்குமாம். பிறகு வேலூர் ரோட்டு வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். வந்ததும், பற்று சரியில்லை என்று அவரே அதை அரத்தால் ராவி எடுத்துவிட்டார்.

மறுபடியும் பட்டறை. இந்த முறை பின்பக்கம் கனமான ஒரு பட்டையை வைத்து, மூலைக்கு ஒரு முக்கோணத் தகட்டை முட்டுக் கொடுத்துப் பற்றவைத்தார்கள். சூட்டோடு சூடாகக் காற்றுப் பட்டால் இரும்பு விட்டுப்போகும் என்று சொல்லி, அதைக் கொண்டுவந்து அடுப்புச் சாம்பலில் புதைத்து வைத்தார். ஒரு பகல் ஓர் இரவு அது சாம்பலில் கிடந்தது. அன்றைக்கும் பெரியப்பாவின் சைக்கிள் மணி கேட்டதும் அப்பா லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பிராக்கெட் சாம்பலில் இருக்கும்போது அங்கே இவருக்கு என்ன வேலை என்று கேட்டேன். “கிரீஸ் வெக்கிறேன்” என்று பதில் வந்தது.

இதற்கு நடுவில் லோடு கேட்டு வந்த வியாபாரிகள் எல்லோரும் திரும்பிப் போனார்கள். எதற்கெடுத்தாலும் அப்பாவைப் பேசுகிற அம்மா, இதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை. வேறு லாரி பிடிக்கலாமே என்று பெரியப்பா ஒரு நாள் கேட்டுவிட்டு, வாசலில் சொந்த லாரி நிற்க வாடகை வண்டியில் சீர் போனால் ஊர் சிரிக்கும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஒருவழியாகப் பிராக்கெட்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டினார் அப்பா. அவர் அடியில் படுத்துக்கொண்டு பார்க்க, பெடலை அமுக்கும் வேலை எனக்கு. கையால் அமுக்கியும் அசையாததால் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பெடல் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றேன். பெடல் கீழே போய், நான் இறங்கியதும் மேலே வந்தது. இருபது தடவை செய்திருப்பேன். பிராக்கெட் இம்மி அசையவில்லை. ஊரிலேயே என் அப்பாதான் பெரிய மெக்கானிக் என்று எனக்கு ஒரே கர்வம்.

மறுநாள் காலையில் பெரியப்பா தன் ஊரான அடி அண்ணாமலையிலிருந்து வந்து சேர்ந்தார். சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தார்.

“இன்னும் எத்தினி நாளுடா ஆவும்?”

“ரெண்டு நாள் ஆவும்ணா. பெயின்ட்டு காயணும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “இல்ல பெரியப்பா, வண்டி நேத்தே ரெடியாயிடுச்சி. நான்தான் ஏறி நின்னு அமுக்கிப் பாத்தேன். ஆடவே இல்ல” என்றேன்.

லாரிக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. கால்கள் அசையவில்லை. வாசற்படியில் நின்றிருந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ பெரிய பாத்திரத்தைப் போட்டு உடைத்துவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது. எதை உடைத்தேன் என்பது புரியவில்லை.

அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்த அத்தை உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் அவளுடைய டிரங்குப் பெட்டி இருந்தது. பெட்டியின் கனத்துக்கு அவளால் முந்தானையைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. பெட்டியைப் பெரியப்பாவின் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, “போலாம்ணா” என்றாள்.

பெரியப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னாம்மா இது?” என்று கேட்டார். அப்பளம் பொரித்த கதையை நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அதற்குள் அப்பா அடியிலிருந்து வெளியே வந்து, முகமெல்லாம் கிரீஸோடு அண்ணன் எதிரில் எழுந்து நின்றார்.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். மாட்டு வண்டியைத் தவிர வேறெதையும் ஓட்டி அறியாத மனிதர், பாடுபட்டு லாரிக்குள் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி ஒரு தடவை அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார். அப்படியே சிறிது நேரம் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னார்.

“ஜாஸ்தியா ஆடுதுடா. இத்த நம்பி பொண்ண ஏத்தி அனுப்ப முடியாது. நீ பொறுமையா பாரு. அவங்களுக்கு நான் போய்ச் சொல்லிக்கிறேன்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டிரங்குப் பெட்டியை அம்மா உள்ளே தூக்கிப்போனாள். மறுநாளே அப்பா லாரியை லோடுக்கு எடுத்தார். பெடல் ஆடுதுன்னு பெரியப்பா சொன்னாரே என்று கேட்டேன். “மல்லாட்ட மூட்டைக்கி ஆடாது” என்றார். இது என்ன நியாயம் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். அத்தை கீழ்பென்னாத்தூருக்குப் போகவே இல்லை. சீருக்கென்று வாங்கிய அந்தப் பீரோவில்தான் நான் பள்ளிக்கூடம் முடிக்கிறவரை என் புத்தகங்களை வைத்திருந்தேன்.

ஆனால் அன்றைய மத்தியானம் எனக்கு இருந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? இருபது தடவை ஏறி நின்று பார்த்த என்னைப் பொய்யாக்கிவிட்டார்கள். அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றும் நடந்திருந்தது, அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சாப்பிடமாட்டேன் என்று முரண்டு பிடித்து உட்கார்ந்திருந்த என்னிடம் அத்தை சோற்றுத் தட்டோடு வந்தபோது அவளிடம் சொன்னேன்.

“பெரியப்பா அமுக்கினது கிளட்சே இல்லத்த. பிரேக்கு.”

அத்தை தட்டைத் தரையில் வைத்தாள். “நல்லா பாத்தியா?” என்றாள்.

“பாத்தேன். கிளட்சு ஓரத்துல கீது. அவரு நடுவுல இருக்கறத அமுக்கினாரு.”

“பிரேக்க அமுக்கிட்டுத்தான் ஆடுதுன்னாரா?”

“ஆமா.”

“இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னேன். அவள் மறுபடியும் கேட்டாள், மறுபடியும் சொன்னேன். வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவளாக இருக்கிறாளே என்று எனக்கு அவள் மேல் பரிதாபம் வந்துவிட்டது. கோபத்தை மறந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மூன்று பருக்கைகளை வரிசையாக வைத்து, இது கிளட்ச், இது பிரேக், இது ஆக்ஸிலேட்டர் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அத்தை நடுப் பருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சொல்லியும் அவளுக்குப் புரியவில்லை என்றுதான் நினைத்தேன்.