மூன்றாவது தடவை கேட்காத பிரெஞ்சுக்காரர்

நூலா கெஹோ ஐரிஷ் கடற்படைக் கப்பலில் சமையல்காரி. எஞ்சினை ஓட்ட ஆளில்லாமல் கப்பல் வருடக்கணக்காகக் கார்க் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. கிறிஸ்துமஸோடு அவளுக்குப் பணி ஓய்வு. அதற்குள் ஒரே ஒரு தடவை கடலுக்குப் போய்வர வேண்டும் என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதும்தான், நம்மைச் சுற்றிக் கடல் இருப்பது தலைநகர் டப்ளினின் பெரிய மனிதர்களுக்கு உறைத்தது. அதுவரை நம் கடலையும் வானத்தையும் அவன்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாமோ யார் வம்புக்கும் போகாத நடுநிலை நாடு என்று மார்தட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரன் காவலிருந்தால் யாரும் மார்தட்டலாம்.

ஒன்றியத்தில் மிச்சமிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவ வேண்டாமா என்று பிரெஞ்சுக் கமாண்டர் லெ கோஃப் வந்தார். பாதுகாப்புத் துறை அதிகாரி டெக்லன் ஹெஃபர்னன் அவரைக் கப்பலிலேயே உட்காரவைத்துப் பேசினார். நூலா தேநீர் கொண்டுபோனாள்.

"எஞ்சின் ஆளுங்களை நாங்க அனுப்பறோம். அடுத்த வாரமே உங்க கப்பல் கிளம்பிடும்," என்றார் கமாண்டர்.

நூலா தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்," என்றார் டெக்லன்.

"ஒரு சிரமமும் இல்ல. அனுப்பட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாங்க. நாங்க சமாளிச்சுக்குவோம்."

எங்கள் ஊரில் ஒரு துண்டு கேக்கைக்கூட மூன்றாவது தடவை கேட்டால்தான் வாங்குவோம். முதல் தடவையே கை நீட்டினால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். டெக்லன் மூன்றாவது கேள்விக்காகச் சிரித்தபடி காத்திருந்தார். கமாண்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நூலா பின்னாலேயே ஓடினாள். "இன்னொரு வாட்டி கேளுங்க சார். சரின்னுடுவாரு."

"ரெண்டு வாட்டி வேண்டாம்னுட்டாரே மேடம். ஒரு நாட்டைக் கட்டாயப்படுத்தலாமா?"

கொஞ்ச நாளில் பிரிட்டனிலிருந்து போன் வந்தது, பழையபடி நாங்களே கடலைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று. ஒரு தடவைகூடக் கேட்காமல் உள்ளே வந்து எண்ணூறு வருடம் எங்களை ஆண்டவர்கள், இப்போது பொறுமையாக மூன்று தடவை கேட்டார்கள். காரியம் முடிந்தது.

ஆனாலும் பிரெஞ்சுக்காரரைக் கோட்டை விட்டது டப்ளினில் பெரிய பேச்சாகிவிட்டது. ஆலோசனைக் கூட்டம் போட்டுப் புதிய பாதுகாப்புக் கொள்கை வகுத்தார்கள்: இனி யார் கேட்டாலும், யாரைக் கேட்டாலும், முதல் பதிலே முடிவான பதில்.

அந்தக் கொள்கையோடு டெக்லன் நேராக நூலாவின் சமையலறைக்கு வந்தார். "நூலா, பிரிட்டிஷ் கப்பல் ரோந்து போகுது. நம்மாளு ஒருத்தர் கூடவே போகலாமாம். நீங்க போறீங்களா?"

நூலா அவசரமாகக் கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயோ, நான் எதுக்கு சார். சின்னவங்க யாராவது போகட்டுமே."

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு டெக்லன் படியேறிப் போய்விட்டார்.

அவர் திரும்பி வந்து கேட்பார் என்று, நூலா அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் நின்றிருந்தாள்.