யாரும் பார்ப்பதற்குள் தூக்கிவிடும்

கிறிஸ்துவில் அன்பான என் பங்கு மக்களுக்கு, ஓய்வு பெற்ற ஹவில்தார் அருளானந்து எழுதிக்கொள்வது. செபக் கூட்டத்தில் முன்னால் வந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். நிற்பதுதான் எனக்குத் தகராறு என்பதால் எழுதிக் கொடுத்துவிட்டேன். மகள் ஜெனிபர் வாசிப்பாள். நான் பின்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வேன்.

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, புதுக்கோட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் நான் விழுந்தேன். உங்களில் சிலர் அதைப் பார்த்தீர்கள். மற்றவர்கள் சாயந்திரத்துக்குள் கேள்விப்பட்டீர்கள். குடித்துவிட்டு விழுந்தேன் என்றுதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்று என் வயிற்றில் இருந்தது காலைப் பூசை முடிந்து அவசரமாகத் தின்ற இட்லி மட்டும்தான். ஆனால் அப்போது நான் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் வெட்கக் கதை.

பட்டாளத்தில் இருந்தபோது, லடாக் பக்கம் பனியில் லாரியிலிருந்து சாமான் இறக்கும் நேரத்தில் கால் மடங்கி விழுந்தேன். வலது முழங்கால். டாக்டரிடம் போனால் எழுதுவார். எழுதினால் மெடிக்கல் கேட்டகரி என்கிற உடல்தகுதித் தரம் இறங்கும், பதவி உயர்வு போய்விடும். நான் ஹவில்தார் ஆகப்போகிற சமயம் அது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பரேடில் நின்றேன். பதவி வந்தது. வலியும் கூடவே வந்தது. ஓய்வு பெறும்போது நடந்த பரிசோதனையில்கூட "ஒன்றுமில்லை சார்" என்று குதித்துக் காட்டிவிட்டு வந்தேன். காகிதத்தில் நான் முழு ஆரோக்கியவான். இதை என் மனைவி லூர்துமேரியிடமும் சொன்னதில்லை. கால் வலிக்கிறதா என்று கேட்டால், பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் மரத்துப்போச்சு என்பேன்.

ஊருக்கு வந்த புதிதில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வேலைக்குப் பதிந்து வைத்தேன். அதோடு சரி. மறுபடி போகவில்லை. அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தால் யாரிடமோ கை நீட்டுவது போல இருந்தது. நமக்கு எதற்கு உதவி, கை கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். மகள் நர்ஸிங் படிப்பில் சேர்ந்த வருஷம், பென்ஷன் இழுத்துப் பிடித்தும் பத்தவில்லை. துணிக்கடையில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது.

கடை உடுப்பைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. பட்டாளத்தில் காலமெல்லாம் கிடைக்காத நட்சத்திரங்கள் இங்கே முதல் நாளே தோளில் ஏறிவிட்டன. மார்பில் ஒரு சிவப்புக் கயிறு வேறு. கதவைத் திறக்க வேண்டும், சல்யூட் அடிக்க வேண்டும், மறுபடி கதவைத் திறக்க வேண்டும். காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரைக்கும் நின்றபடியே. வாசலில் நாற்காலி கிடையாது. உள்ளே சேலைப் பிரிவில் நிற்கிற பெண்களுக்கும் கிடையாது. ஆள் இல்லாத மத்தியானத்திலும் அவர்கள் ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருப்பார்கள். உட்கார்ந்தால் கடைக்கே சோம்பல் பிடித்துவிடும் என்பார் மேனேஜர். நிற்பது நமக்குப் பழக்கம்தானே என்று நான் வீறாப்பாக நின்றேன். வீட்டுக்குப் போனால் குளிக்கும் சாக்கில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் வெந்நீர் ஊற்றுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் தேர்க்கூட்டம். கை நிறையப் பைகளோடு வெளியே வந்த ஒரு அம்மாவுக்குக் கதவைத் திறந்து பிடித்தேன். முழங்கால் சட்டென்று விட்டுவிட்டது. அந்த அம்மாவையும் இடித்துக்கொண்டு படியில் விழுந்தேன். தொப்பி உருண்டு ரோட்டுக்குப் போய்விட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் தள்ளாடியது.

"மிலிட்டரிக்காரருல்ல, கோட்டா உள்ள எறங்கியிருக்கு!" என்று யாரோ சொன்னார்கள்.

பட்டாளத்துக்காரன் என்றால் கேண்டீன் கோட்டாவில் மலிவாகப் பாட்டில் வாங்கி வைத்திருப்பான் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி. எல்லாரும் சிரித்தார்கள். நம் பங்குக்காரர்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். அவர்கள் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர். "என்ன மிலிட்டரி, போட்டுட்டு வந்தீங்களா? இல்ல ஒடம்புக்கு ஏதும் முடியலையா? முடியாத ஆள வாசல்ல நிறுத்த முடியாது, பாத்துக்கங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. குடித்தவன் நாளைக்குத் தெளிந்துவிடுவான், அவனை மன்னித்துத் திரும்பக் கூப்பிடுவார்கள். நொண்டியை யார் கூப்பிடுவார்கள்? அந்த ஒரு நொடியில் என் புத்தி அப்படித்தான் கணக்குப் போட்டது. நொண்டி என்ற பேருக்குக் குடிகாரன் என்ற பேர் மேல் என்று நினைத்தேன். தலையைக் குனிந்து நின்றேன். அவர் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். "உடுப்பைக் கழட்டி வச்சுட்டுப் போங்க. கூப்பிட்டா வாங்க" என்றார். கூப்பிடவே இல்லை.

என் பஸ் ஊருக்கு வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பது என் வழக்கம். மறுவாரம் கோயில் உபதேசியார் என் தோளைத் தொட்டு, "இந்த வாரம் வாசகம் வேற ஆளு வாசிக்கட்டுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. ஜெனிபர் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தால் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவாள். லூர்துமேரி சோறு போடுவாள், பேச மாட்டாள். நான் குடிக்காதவன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஊரே சொல்லும்போது அவளுக்கும் சந்தேகம் தட்டிவிட்டது. வேலை போனதைவிட அதுதான் என்னை அறுத்தது.

தினமும் மத்தியானம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போனேன். செபஸ்தியார் சுரூபத்துக்கு முன்னால் உட்காருவேன். அவரும் பட்டாளத்துக்காரர். உடம்பெல்லாம் அம்பு தைத்தும் நின்றபடியே இருக்கிறார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் வெட்கம் கூடியது. வேறு ஊரில் ஒரு வேலை கொடும், காலைப் பற்றி யாரும் கேட்காத வேலையாகக் கொடும் என்று கேட்டேன். பதில் இல்லை. நான் முழந்தாளிடாமல் உட்கார்ந்தபடி கேட்பதால்தான் ஆண்டவர் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. ஒருநாள் துணிந்து முழந்தாளிட்டேன்.

இறங்கிவிட்டேன். ஏற முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. பெஞ்சைப் பிடித்தேன், அது நகர்ந்தது. சிமெண்டுத் தரையில் அப்படியே சாய்ந்து கிடந்தேன். எத்தனையோ மலை ஏறின மனுஷன், கோயில் தரையிலிருந்து எழ முடியாமல் கிடக்கிறேன். சத்தமாகவே அழுதேன். "ஆண்டவரே, யாரும் பாக்குறதுக்குள்ள என்னயத் தூக்கிவிடும்! யாரும் பாக்குறதுக்குள்ள!"

என் வாழ்க்கையில் நான் மனசாரச் செய்த செபம் அதுதான். அதற்குப் பதில் உடனே வந்தது. ஆனால் நான் கேட்ட மாதிரி வரவில்லை. யாரும் பார்ப்பதற்குள் அவர் என்னைத் தூக்கவில்லை. பார்ப்பதற்கு ஒரு ஆளை அனுப்பினார்.

கதவோரம் லூர்துமேரி நின்றாள். மத்தியானத்தில் நான் வெளியே போவதைப் பார்த்து, ஒயின்ஷாப்புக்குத்தான் போகிறேனோ என்று பின்னாலேயே வந்திருக்கிறாள். ஓடி வந்து கக்கத்தில் கை கொடுத்து என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். வேட்டியை விலக்கி முழங்காலைப் பார்த்தாள். வீங்கிப்போய்க் கிடந்தது. அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். பனி, லாரி, தைலம், வெந்நீர், மேனேஜர் அறை, எல்லாம்.

அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது.

"குடிகாரன் பொண்டாட்டின்னு ஊரு சொல்லிச்சு, வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். நொண்டி பொண்டாட்டின்னு சொல்லிட்டுப் போகட்டுமே, எனக்கென்ன கொறைஞ்சு போச்சு? நீங்க அங்கிட்டு எல்லையில கெடக்கையில, கை கால் போனாலும் உசுரோட வந்து சேரட்டும்னு இதே கோயில்லதான் மாதாகிட்ட கேட்டேன். கால் ரெண்டும் இருக்கு. ஒண்ணு வலிக்குது. இதுக்காங்க இம்புட்டு மறைச்சீங்க?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு புதுக்கோட்டை கிளம்பினாள். நான் போகப் பயந்த அதே நல அலுவலகம், அதே பெஞ்ச். பக்கத்தில் புருஷனை இழந்த பெண்கள், ஊன்றுகோலோடு ஒரு வயதானவர். முகத்தை மறைக்கத் தொப்பிகூட இல்லை. உள்ளே இருந்தவர் சுபேதாராக ஓய்வு பெற்றவர். என் காகிதங்களைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"இத்தன வருஷமா ஏன் வரல?"

"வெக்கமா இருந்துச்சு சுபேதார் சாப்."

"இங்க வர்ற முக்காவாசிப் பேரு சொல்ற பதிலு அதுதான்" என்றார். சிரிக்கவில்லை. தன் காதில் மாட்டியிருந்த மிஷினைத் தொட்டுக் காட்டினார். "பீரங்கிப் படை. இத மாட்ட எனக்கும் மூணு வருஷம் வெக்கம்."

அவர் எதையும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நானே ஆரோக்கியம் என்று கையெழுத்துப் போட்டு வந்ததால், காலுக்கான பென்ஷன் கிடைப்பது கஷ்டம், எழுதிப் பார்க்கலாம் என்றார். முன்னாள் படைவீரருக்கான மருத்துவ அட்டையை முதலில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குப் புதுசு. நம் மாநிலத்தில் கடையில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தே ஆக வேண்டும், சட்டம் இருக்கிறது. விசாரிக்காமல், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. "தொழிலாளர் துறையில மனு குடுங்க. ஆனா அங்க வந்து நீங்கதான் வாயத் தொறந்து சொல்லணும். ஒங்களுக்காக நான் சொல்ல முடியாது" என்றார்.

நாற்காலி கேட்டு மனுக் கொடுக்கிற பட்டாளத்துக்காரன்! எழுதும்போது கை கூசியது. திருச்சிக்குப் போய் வாங்கி வந்த டாக்டர் சீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில வாரம் கழித்துத் தொழிலாளர் துறையில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் வந்திருந்தார். நல்ல வேளையாக, அங்கே என்னை உட்கார வைத்துத்தான் கேட்டார்கள். லூர்துமேரி வெளியே செபமாலை உருட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அதை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"சார், நான் அன்னைக்குக் குடிக்கல. எனக்கு முழங்கால் முடியாது. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்."

அவ்வளவுதான். சின்ன வாக்கியம். அதைத் தூக்கிக்கொண்டு எத்தனை வருஷம் நடந்திருக்கிறேன்!

மேனேஜர் குனிந்து என் முழங்காலைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மிலிட்டரி" என்றார். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. அதிகாரி சட்டத்தை எடுத்துச் சொன்னார். என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், எல்லாருக்கும் இருக்கை போடுவதாகவும் மேனேஜர் எழுதிக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வேலைக்குப் போனேன். வாசலில் ஒரு நாற்காலி கிடந்தது. உள்ளே சேலைப் பிரிவில் ஸ்டூல்கள் வந்திருந்தன. என்னால் உட்கார முடியவில்லை. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் என் காலையே பார்ப்பது போல இருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். மத்தியானம் கூட்டம் இல்லை. அப்போதும் நின்றேன். திரும்பிப் பார்த்தால், உள்ளே பெண்களும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

சேலைப் பிரிவில் மூத்தவர் வள்ளி. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வந்து நிற்கிறவர். என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, நீங்க உக்காந்தாத்தான் நாங்க உக்கார முடியும். காலையிலேருந்து ஒங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே ஸ்டூல்கள் நகரும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நான் மறைத்து வைத்த வெட்கம் என்னை மட்டும் நிறுத்தி வைக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஆண்டவரே, உமக்கு நன்றி என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தே சொன்னேன். உட்கார்ந்து சொன்னாலும் அவர் கேட்கிறார்.

முழங்கால் குணமாகவில்லை. சாட்சி என்றால் குணமாகியிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். எனக்கும் ஆசைதான். திருச்சியில் டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறேன், வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. காலுக்கான விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் வரவில்லை. ஜெனிபர் இப்போது போனில் என்னிடம்தான் முதலில் பேசுகிறாள், அதுவும் பயிற்சி செய்தேனா என்று அதட்டுவதற்கு. உபதேசியார் வீட்டுக்கே வந்து வாசகத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் சங்கடமாக இருந்தது, எனக்கும் சங்கடமாக இருந்தது. காபி குடித்தோம்.

நம் பங்கிலேயே பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் பல பேர் இருக்கிறோம். காது, முதுகு, சிலருக்குத் தூக்கமே இல்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் நீங்களும் என்னை மாதிரியே "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்கிறீர்கள். யாரும் பார்ப்பதற்குள் தூக்கிவிடச் சொல்லி ஆண்டவரிடம் கேட்காதீர்கள். யாராவது பார்க்கட்டும் என்று கேளுங்கள். நல அலுவலகத்துக்குப் போக வேண்டுமானால் நான் கூட வருகிறேன்.

கோயிலில் தூணுக்குப் பக்கத்தில், முழந்தாளிட முடியாதவர்களுக்கு என்று இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒன்றில் இப்போது நான் உட்காருகிறேன். எல்லாரும் முழந்தாளிடும்போது நான் மட்டும் உயரமாகத் தெரிவது இன்னமும் வெட்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கிறது. வந்து உட்காருங்கள்.