கழற்றிய ரெயில்

சொந்தமாக நடத்திய கார் பட்டறையில் அவருக்கு ‘மின்னல்’ என்று பெயர். அரை நாள் வேலையை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார் என்பார்கள். மனைவிக்கும் அதில் பெருமைதான்.

ஒரு மதியம் டாக்ஸிக்காரர் ஒருவர், “சவாரி காத்திட்டிருக்குண்ணே, கொஞ்சம் சீக்கிரம்” என்று தலைமேல் நின்றார். வண்டி அப்போதுதான் ஓடிவந்து நின்றிருந்தது; இன்ஜின் கொதித்தது. இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் அடைத்துக்கொண்டிருந்தன; அவற்றைக் கழற்ற வேண்டும். அவற்றுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயை ரெயில் என்பார்கள். வண்டியை அணைத்த பிறகும் அதற்குள் அழுத்தம் இருக்கும். அதை இறக்காமலே அவர் இணைப்பைத் தளர்த்தினார். பெட்ரோல் பீச்சியடித்துச் சூடான புகைக்குழாயில் விழுந்தது; தீ அவர் முகத்தில் பாய்ந்தது.

உயிர் தப்பியது. பார்வை தப்பவில்லை.

பட்டறையை மனைவியும் அவள் தம்பியும் எடுத்து நடத்தினார்கள். “வீட்ல உக்காந்தா பைத்தியம் பிடிச்சிரும்” என்று அவரும் தினமும் கூடவே வந்து, பின்சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார். பழைய வாடிக்கையாளர்கள் அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அதுவும் அவருக்குக் கேட்டது.

ஒருநாள் அதே வேலை வந்தது.

“பெட்ரோல் பம்பு ஃபியூஸை உருவிட்டியா மாப்ளே?” என்று பெஞ்சிலிருந்தே கேட்டார்.

“உருவிட்டேன் மாமா. இன்ஜின் கொஞ்சம் ஓடித் தானா நின்னுடுச்சு, அழுத்தம் இறங்கிடுச்சு.”

“பேட்டரி?”

“மைனஸ் ஒயரைக் கழட்டியாச்சு. இன்ஜினும் நல்லா ஆறிடுச்சு.”

மச்சினன் இணைப்பைத் துணியால் சுற்றி மெல்லத் தளர்த்தினான். மிச்சமிருந்த பெட்ரோல் துணியில் ஊறியது. போல்ட்டுகளை எடுத்துவிட்டு, ரெயிலை இருபக்கமும் சமமாகத் தூக்கினான். இன்ஜெக்டர்களும் சேர்ந்து வந்தன. ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் வாசனை பெஞ்சு வரை போய்விட்டது. “தீ, தீ... ஓடுங்க” என்று கத்தியபடி எழுந்தவர் சுவரில் மோதி விழுந்தார். தன் முகத்தையே அடித்து அணைக்கப் பார்த்தார். மனைவி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லைங்க. வேலை முடிஞ்சிருச்சு. ஒண்ணுமே இல்ல.”

நடுக்கம் அடங்க வெகுநேரம் பிடித்தது. அவர் கால்சட்டை நனைந்திருந்தது. தம்பி பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் அவர் கிளம்பவில்லை. அதற்குப் பிறகும்தான். அவள் வற்புறுத்தவில்லை. உள்ளூர நிம்மதியாக இருந்தது. அது அவளுக்கே அவமானமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து அவள் பட்டறையிலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். அப்படியும் ஒரு சாயங்காலம், கதவைத் திறந்ததுமே கேட்டார்.

“இன்னைக்கு ரெயில் கழட்டினீங்களா?”

“இல்லைங்க. பிரேக் வேலைதான்.”

அவர் அவள் கையைத் தேடிப் பிடித்து முகர்ந்தார். சோப்பு வாசனைக்கு அடியில் பெட்ரோல் இருந்தது. கையை மெல்ல விட்டுவிட்டார்.