படியில் விழுந்த அக்கா

விழுந்து இறந்தவர்களில் அந்த வாரம் என்னிடம் வந்த மூன்றாவது உடல் அது. கடுகண்ணாவைப் பக்கத்தில் மரத்திலிருந்து விழுந்த ஒருவர், கண்டியில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த இன்னொருவர், அடுத்து கம்பளையிலிருந்து இந்த அம்மா. இருபது வருடமாகப் பிரேதப் பரிசோதனை செய்யும் சட்ட வைத்திய அதிகாரியாக இருக்கிறேன். விழுந்து இறந்தவர்கள்தான் என்னை அதிகம் களைக்க வைத்தவர்கள். விழுந்ததால் இறந்தாரா, இறக்கும்போது விழுந்தாரா என்று எல்லோரும் கேட்பார்கள். சில வேளை உடம்பு பதில் சொல்லும். பல வேளை சொல்லாது.

பொலிஸ் சார்ஜன் கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"சேர், இது கொஞ்சம் சிக்கல். தங்கச்சிக்காரி தான்தான் கொன்னேன்னு சொல்றாங்க."

"அடிச்சாங்களாமா?"

"இல்ல சேர். படிக்கு பொலிஷ் போட்டாங்களாம்."

கல்யாணம் செய்துகொள்ளாத இரண்டு சகோதரிகள். அக்காவுக்கு எழுபத்தொன்று; நகரசபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். தங்கைக்கு அறுபத்தாறு. ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்று தங்கை ஒரு வாரமாக வீட்டைச் சுத்தம் செய்திருக்கிறார். அன்று காலை மாடிப்படிக்குச் சிவப்பு மெழுகு பூசி, தேங்காய் மட்டையால் தேய்த்து மினுக்கிவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போயிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அக்கா படிக்குக் கீழே கிடந்தார்.

மறுநாள் வெட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. எனக்கு முழங்கால் வலி. அந்தப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். படி உண்மையாகவே வழுக்கியது. ஆனால் மேலே, படி தொடங்க நாலைந்து அடிக்கு முன்பே, அறை வாசலில் ஒரு தேநீர்க் கோப்பை உடைந்து கிடந்தது. தேநீர் அங்கேயே கொட்டிக் காய்ந்திருந்தது. அக்காவின் ஒரு செருப்பும் அந்த வாசலில்தான் கழன்று கிடந்தது.

பிரேத அறையில் அவருடைய கைகளை நெடுநேரம் பார்த்தேன். வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றப் பார்ப்பார். உள்ளங்கை உரசியிருக்கும், மணிக்கட்டு உடைந்திருக்கும். இவர் கைகளில் ஒரு கீறலும் இல்லை. பின் தலையில் தோல் கிழிந்திருந்தது. பிடரி அடிபட விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் மூளையின் முன்பக்கம் நசுங்கியிருக்கும். மண்டை தரையில் பட்டு நிற்க, உள்ளே மூளை அதிர்ந்து எதிர்ப்பக்கம் அடிபடும். இவருக்கு மண்டையில் விரிசல் இல்லை. முன்பக்கம் சுத்தமாக இருந்தது. மூளையை வெட்டியபோதுதான் தெரிந்தது: இடது பக்கத்தில், நடு ஆழத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு இரத்தம் கட்டியிருந்தது. அடிபட்டால் தனியாக அந்த இடத்தில் இரத்தம் கசிவது அரிது. அது பிறஷர், அதாவது உயர் இரத்த அழுத்தம், உள்ளவருக்கு வருவது. இதயத்தின் சுவரும் அதனால் தடித்திருந்தது.

அறை வாசலிலேயே மூளைக்குள் இரத்தநாளம் வெடித்திருக்கிறது. வலது கை வலுவிழந்து தொங்கியிருக்கிறது, கோப்பை நழுவியிருக்கிறது. அதன் பிறகு தடுமாறி நாலைந்து அடி வந்து படியில் உருண்டிருக்கிறார். அந்தப் படி மெழுகில்லாமல் இருந்திருந்தாலும் உருண்டிருப்பார்.

வெளியே மர வாங்கில் தங்கை உட்கார்ந்திருந்தார். நல்ல செய்தி சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். என் வேலையில் அது எப்போதாவதுதான் கிடைக்கும்.

"அம்மா, படியில வழுக்கினதால அவங்க சாகல. அதுக்கு முன்னாலயே மூளைக்குள்ள நரம்பு வெடிச்சிருக்கு. பிறஷர்னால வந்தது. உங்க மேல ஒரு பிழையும் இல்ல."

 அவர் மெதுவாகக் கேட்டார்.

"பிறஷர்னாலயா ஐயா?"

"ஆமா."

"போன கிழமை கிளினிக் நாள். நான்தான் போய் மாத்திரை எடுத்துட்டு வருவேன். வீடு கழுவுற வேலையில போகல. அக்கா கேட்டுச்சு. அடுத்த கிழமை பார்ப்போம்னு சொன்னேன்."

 கழுவிய கையில் இன்னும் ஈரம் இருந்தது. எத்தனை நாள் மாத்திரை இல்லாமல் இருந்தார் என்று கேட்டேன். நாலு நாள் என்றார். இதயம் அப்படித் தடிக்கப் பல வருடம் எடுக்கும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் இது வரும், அந்த நாலு நாளால்தான் வந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது என்றேன். அவ்வளவும் உண்மை.

"அப்ப அந்த நாலு நாளால இல்லன்னும் சொல்ல ஏலாது தானே ஐயா?"

"ஏலாது அம்மா."

பொய் சொல்லியிருக்கலாம். முப்பது வயதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். இப்போது அதற்கும் தெம்பில்லை. அவருக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தேன்.  சார்ஜன் வந்து கையெழுத்துக் கேட்டபோது தங்கை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வைத்தார்.

திடீர் மரண விசாரணையில் இயற்கை மரணம் என்று முடிந்தது. பொலிஸும் அவரை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஏதோ கடிதத்துக்காகத் தங்கை என் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார்.  கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தவர், போகும்போது திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க பிறஷர் பார்க்கிறீங்களா ஐயா?"

பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றார்.

எழுந்து, அதே ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனேன்.